மாதா பிளேட்டின் இரண்டாம் பக்கம்

என் பாட்டுக்கார அம்மாவுக்கு,

பள்ளி ஆண்டுமலருக்கு ஒரு கட்டுரை கேட்டார்கள். பிடித்த புத்தகத்தையோ படத்தையோ பாட்டையோ ரசித்து எழுத வேண்டும். நான் ஏதாவது ஒரு தடித்த நாவலைத்தான் எழுதுவேன் என்று வகுப்பில் எல்லாரும் நினைத்தார்கள். நான் நம் மாதா பிளேட்டு என்ற இசைத்தட்டைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். 'இது ஒரு பழைய ராக் இசை ஆல்பம்' என்று முதல் வரி எழுதினேன். இரண்டாவது வரியில் உன்னைக் கூப்பிட்டுவிட்டேன். அதற்குமேல் அது கட்டுரையாக வரவில்லை.

தமிழ் மிஸ் படித்துப் பார்த்தார். "கடிதமாவே இருக்கட்டும் அமலி. ஆனா அந்த ஆல்பத்தைக் கேக்காதவங்களுக்கும் புரியணும்" என்றார். அதனால் உனக்குத் தெரிந்த விஷயங்களையும் இதில் சொல்லப்போகிறேன். நடுவில் அலுத்துக்கொள்ளாதே.

முதலில் வீட்டுச் செய்தி. உன் முதலாண்டு நினைவுப் பூசை போன ஞாயிற்றுக்கிழமை நல்லபடியாக முடிந்தது. அப்பா வருகிற வாரம் கப்பலுக்குப் போகிறார். நான் படிப்பு முடியும்வரை அப்பாவின் அக்கா லூர்து அத்தை வீட்டில் இருக்கப்போகிறேன். தூரமில்லை, உனக்குத் தெரியும்தானே, நம் முன்னறைச் சுவருக்கு அந்தப் பக்கம் அவளுடைய அடுப்பங்கரை. இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர்தான். ஆனாலும் நம் வீட்டைப் பூட்டப்போகிறோம் என்பதை என்னால் முழுதாக நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஒரு வருடமாக வீட்டில் பாட்டு இல்லை. துக்க வீட்டில் வருடம் கழியும்வரை பாட்டுப் போடக் கூடாது என்ற தெரு வழக்கத்தை அப்பா ஒரு நாளும் மீறவில்லை. டிவியில் செய்தி மட்டும் பார்ப்போம். இடையில் விளம்பரப் பாட்டு வந்தால் சத்தத்தைக் குறைத்துவிடுவார். எதிர்வீட்டுக் கல்யாணத்தின்போது ஒலிபெருக்கியை நமக்கு முதுகு காட்டும்படி திருப்பிக் கட்டினார்கள். அந்த மரியாதை எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அம்மா, சுவரில் மாட்டியிருக்கும் படத்தில் நீ யாரோ மாதிரி விறைப்பாக நிற்கிறாய். அதைப் பார்க்கும்போது நீ வருவதில்லை. அந்தப் பிளேட்டு ஓடினால்தான் நீ வருவாய்.

என்னோடு படிக்கும் நிவேதா ஒருநாள் பேருந்தில் தன் செல்போனை நீட்டினாள். "ஏளா, அந்த ஆல்பம் முழுசா இதுல இருக்கு. ஹெட்செட்ல கேளு. யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியுமே" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். வழக்கத்துக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை. அந்தப் பாட்டை உன் பிளேயரில், உன் பிளேட்டின் கீறலோடு, உன் முன்னறையில் கேட்க வேண்டும் என்று காத்திருந்தேன். அதுவரை மனதுக்குள்ளேயே ஓட்டினேன். உப்பளங்களைத் தாண்டிப் பேருந்து போகும் நேரத்துக்குள் முதல் பக்கம் முடிந்துவிடும்.

அப்பா கப்பலுக்குப் போகும் பேச்சு வந்ததும்தான் எனக்கு அந்தக் கேள்வி வந்தது. பிளேட்டும் பிளேயரும் என்ன ஆகும்?

"பூட்டின வீட்ல போட்டுட்டுப் போனா உப்புக்காத்து தின்னுரும்மா" என்றார் அப்பா. "மாப்பிள்ளையூரணியில என்கூட கப்பல்ல இருந்த ஒருத்தர் பழைய பாட்டுப்பெட்டியெல்லாம் சேக்காரு. ஆசையாக் கேட்டாரு. அவர்ட்ட இருந்தா பத்திரமா இருக்கும்."

"அத்தை வீட்டுக்கு நானே கொண்டுபோறேம்ப்பா."

"அதுக்கு உங்க அத்தை சம்மதிக்கணுமே."

அன்று சாயங்காலமே அத்தையிடம் போனேன். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கேட்டு முடிப்பதற்குள் முறம் நின்றுவிட்டது.

"ஏளா, நீ வா. உன் புஸ்தக மூட்டையெல்லாம் கொண்டு வா. கட்டில் போட்டு வச்சிருக்கேன். அந்தச் சிகரெட்டுக்காரி மட்டும் என் வீட்டு வாசல்படி ஏறக்கூடாது."

சிகரெட்டுக்காரி யார் என்று இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும் அம்மா. நான் பிறப்பதற்கு முன் நடந்தது. நீ சொல்லிச் சொல்லி, நானே பார்த்த மாதிரி ஆகிவிட்டது.

அப்போது உங்களுக்குக் கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை. அப்பா கப்பலில் பிட்டர், இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர். ஏதோ ஒரு குளிர்த் துறைமுகத்தில், ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய இசைத்தட்டுகளைக் கூடையில் போட்டு விற்றார்களாம். ஒன்றின் அட்டையில் ஒரு பெண் கடலோரப் பாறைமேல் நிற்கிறாள். தலையிலிருந்து பாதம்வரை நீலப் போர்வை. தலைக்குப் பின்னால் கலங்கரை விளக்கின் வெளிச்சம் வட்டமாக நிற்கிறது. கண்கள் தாழ்ந்திருக்கின்றன. நம் ஊர்க்காரர் வேறென்ன நினைப்பார்? கோயில் பாடகர் குழுவில் இருக்கும் மனைவிக்கு மாதா பாட்டுத் தட்டு கிடைத்துவிட்டது என்று, அதற்கொரு பிளேயரையும் சேர்த்து வாங்கிவிட்டார். மேலே இருந்த வளைந்து நெளிந்த எழுத்தைப் படிக்க அவர் மெனக்கெடவே இல்லை.

கப்பலில் இருந்து வந்தவர் தெருவுக்கே சொல்லிவிட்டார். மறுநாள் முன்னறையில் இருதயநாதர் படத்துக்குக் கீழே பிளேயரை வைத்து, இரண்டு பக்கமும் மெழுகுதிரி ஏற்றி, அக்கம்பக்கத்து ஆட்கள் தரையில் உட்கார்ந்து, லூர்து அத்தை முந்தானையால் முக்காடு போட்டு ஜெபமாலையின் கடைசிப் பத்து மணியைச் சொல்லி முடித்தாளாம். அப்பா முள்ளை வைத்தார். கரகரவென்று சத்தம். எல்லாரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

முதலில் ஒரு மூச்சு. அப்புறம் ஒரு பெண் குரல் மட்டும். "லத்தீன் பூசைப் பாட்டாத்தான் இருக்கும்" என்று மூலையிலிருந்த ஒரு பெரியவர் மெதுவாகச் சொன்னாராம். அடுத்த நொடி டிரம்ஸும் கிடாரும் சேர்ந்து இறங்கியதில் ஒரு மெழுகுதிரி அணைந்தது. அப்போதும் பெரியவர் விடவில்லை. "கொட்டு பலமா இருக்கே. திருவிழாப் பாட்டு போல."

அத்தை மற்ற மெழுகுதிரியைக் கையில் எடுத்து அட்டைப்படத்துக்குப் பக்கத்தில் பிடித்தாள். போர்வைக்கு வெளியே ஒரு கை. கையில் புகை.

"ஏலே, என்னத்தல வாங்கிட்டு வந்திருக்க? மாதா கையில சிகரெட்டு இருக்குல!"

"மெழுகுதிரின்னு நெனச்சேங்க்கா" என்றாராம் அப்பா.

அத்தை முக்காட்டை உதறிவிட்டு எழுந்து போனாள். ஒவ்வொருவராகச் சிரித்துக்கொண்டும் திட்டிக்கொண்டும் போனார்கள். அப்பா வெட்கத்தில் முள்ளைத் தூக்கக் கை நீட்டியபோது நீதான் அவர் கையைப் பிடித்திருக்கிறாய். "இருக்கட்டும். ஒருத்தி பாடும்போது பாதியில நிறுத்துனா மரியாதையில்ல." ஒரு பக்கம் முழுவதும் நீங்கள் இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்து கேட்டீர்கள். அணைந்த மெழுகுதிரியும் வந்தவர்களுக்குக் கொடுத்து மிஞ்சிய கற்கண்டும் நடுவில் இருந்தன. அன்றிலிருந்து அதற்கு மாதா பிளேட்டு என்றே பெயர். அன்றிலிருந்து, அந்தப் பிளேட்டு ஓடும் நேரத்தில் அத்தை நம் வாசலை மிதித்ததில்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனி ஆல்பத்தைப் பற்றி. மிஸ் சொன்னதுபோல் ஒழுங்காகச் சொல்லப் பார்க்கிறேன்.

நீ பிறப்பதற்கும் முன்னால் வந்த ஆல்பம் அது. மூன்று ஆண்கள் வாசிக்கிறார்கள், ஒரு பெண் பாடுகிறாள். அவர்களை அவள் நடத்திக்கொண்டு போகிறாள் என்பது கேட்டால் தெரியும். முதல் பாட்டுக்கு முன்னிசையே கிடையாது. வாத்தியங்கள் தயாராவதற்குள் அவள் தொடங்கிவிடுகிறாள், மற்றவர்கள் ஓடிவந்து சேர்ந்துகொள்கிறார்கள். அதற்கு முன் வருகிற அந்த மூச்சுதான் எனக்கு மிகப் பிடித்தது. பாடகர்கள் மூச்சை மறைப்பார்கள் என்று நீ சொல்லியிருக்கிறாய். இவள் மறைக்கவில்லை. சங்கு குளிக்கப் போகும் நம் தெரு ஆட்கள் முங்குவதற்கு முன் இழுக்கிற மூச்சைப் போல, இனி நான் உள்ளே போகப்போகிறேன் என்று சொல்கிற மூச்சு அது.

நீயும் அப்படித்தான் கோயிலில் பாடினாய். பாடகர் குழுவை நடத்தியவர் உன்னைக் கூப்பிட்டு, "கொஞ்சம் அடக்கிப் பாடும்மா, மூச்சுச் சத்தம் மைக்கில கேக்கு" என்றார். நீ தலையாட்டிவிட்டு வந்து அடுத்த வாரமும் அப்படியே பாடினாய். அது பிளேட்டிலிருந்து வந்த பழக்கம் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

முதல் பக்கத்தில் மூன்றாவது பாட்டு கோபப் பாட்டு. விட்டுப்போன ஒருவன் திரும்பி வந்து கதவைத் தட்டுகிறான். அவள் திறக்கப்போவதில்லை. வேறு யாராவது பாடியிருந்தால் கத்தியிருப்பார்கள். இவளுக்குக் கோபம் கூடக் கூடக் குரல் தாழ்ந்துகொண்டே போகிறது. அவளுக்குப் பதிலாகக் கிடார் கத்துகிறது. உண்மையான கோபம் வந்தால் நீயும் சத்தம் போடமாட்டாய். "அமலி, இங்கன வா" என்று நீ மெதுவாகச் சொன்னால் நான் புத்தகத்தை மூடிவிட்டு ஓடிவருவேன். இரண்டு பேரில் யார் யாரிடம் கற்றுக்கொண்டது என்று கேட்க நினைத்தேன். கேட்காமலே போய்விட்டது.

முதல் பக்கம் முடிகிற இடத்தில் வார்த்தையே இல்லை. அவள் வெறும் குரலை மட்டும் எழுப்புகிறாள், கிடார் அதனுடன் ஏறுகிறது. ஒரு உயரத்துக்கு மேல் எது குரல், எது கம்பி என்று பிரிக்க முடியாது. துறைமுகப் பக்கம் காற்று பலமாக அடிக்கிற நாளில் கப்பலின் சங்கும் காற்றும் சேர்ந்து வருமே, அதுபோல. அந்த இடத்தில் நம் ஜன்னல் கம்பி லேசாக அதிரும்.

இரண்டாம் பக்கத்தில் இரண்டாவதாக வருகிற பாட்டைப் பற்றி மட்டும் நிதானமாக எழுத வேண்டும். டிரம்ஸ் கிடையாது. ஒரு கிடார், ஒரு குரல். கப்பல் ஒன்று துறைமுகத்தை விட்டுக் கிளம்புகிறது. இதை முதன்முதலாக அர்த்தத்தோடு சொல்லிக்கொடுத்தபோது நீ துணி மடித்துக்கொண்டிருந்தாய். அட்டைக்குள் இருந்த தாளில் பாட்டு வரிகள் அச்சாகியிருந்தன, என் மடியில் அகராதி இருந்தது.

"நம்ம பக்கத்துப் பாட்டுலெல்லாம் பாத்திருக்கியா? பொம்பள கரையிலயே நிப்பா. கப்பல்ல போறது அவ புருஷனா இருக்கும். இவளப் பாரு, இவ ஏறிப் போறா" என்றாய்.

கரையில் இருக்கிறவர்கள் சின்னதாகிக்கொண்டே போவதை அவள் பாடுகிறாள். முதலில் வீடுகள் மறைகின்றன. அப்புறம் மனிதர்கள். ஒருத்தர் மட்டும் இன்னும் தெரிகிறார். அந்த வரியில்தான் நம் பிளேட்டில் கீறல். முள் அங்கே சிக்கிக்கொண்டு 'இன்னும் தெரிகிறார், இன்னும் தெரிகிறார்' என்று ஓயாமல் சொல்லும். நீ ஓடிவந்து முள்ளைத் தூக்கி, கீறல் கூடிவிடுமோ என்ற பயத்தில் நன்றாகத் தள்ளி வைப்பாய். அதனால் அடுத்த சரணம் முழுதும் போய்விடும். அதை நாம் தாளில் படித்திருக்கிறோம், காதால் கேட்டதில்லை.

அந்தச் சரணத்தில், கடைசி ஆளும் மறைந்த பிறகு, அவள் கடல் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து செருப்பைக் கழற்றுகிறாள். அவ்வளவுதான். "அழுவான்னு நெனச்சேன். செருப்பக் கழட்டுதா பாரேன்" என்று நீ எத்தனை முறை ஆச்சரியப்பட்டிருக்கிறாய்! அதை அவள் எப்படிப் பாடியிருப்பாள் என்று நாம் இருவரும் ஆளுக்கொரு மெட்டில் பாடிப் பார்த்ததும் உண்டு.

முள் சிக்கும்போதெல்லாம் நடக்கும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் லூர்து அத்தை கரண்டியால் தட்டுவாள். டங், டங், டங். சத்தத்தைக் குறைக்கச் சொல்கிறாள் என்று நீ நாக்கைக் கடித்துக்கொண்டு ஓடிவருவாய். "பேய்க்கொட்டு கொட்டுற பாட்டையெல்லாம் விட்டுட்டு, அமைதியான பாட்டுக்குப் போயித் தட்டுதா பாரு" என்று சிரிப்பாய். நானும் சிரித்தேன். இவ்வளவு புத்தகம் படிக்கிற எனக்கு, அதில் யோசிக்க ஏதோ இருக்கிறது என்று தோன்றவே இல்லை.

போன ஞாயிறு, பூசை முடிந்து சொந்தக்காரர்கள் சாப்பிட்டுவிட்டு மதியமே கிளம்பிவிட்டார்கள். வேம்பாரிலிருந்து வந்த சித்தப்பா குடும்பம் கடைசியாகப் பேருந்துக்குப் போனது. அப்பாவும் நானும் முன்னறையில் இருந்தோம். காலையிலிருந்து சமையலுக்கு நின்ற அத்தை நம் அடுப்பங்கரையில் பாத்திரங்களை ஒதுங்கவைத்துக்கொண்டிருந்தாள். மிச்சமிருந்த மக்ரூன் இனிப்புப் பொட்டலத்தை அப்பா திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

"வருசம் கழிஞ்சிட்டு" என்றார் கடைசியில். "ஒருதரம் போடும்மா. கேட்டுட்டு நாளைக்கு அவர்ட்ட கொண்டுபோய்க் குடுத்துருதேன்."

அடுப்பங்கரைப் பக்கம் பார்த்தேன். பாத்திரச் சத்தம் நிற்கவில்லை. பிளேட்டை எடுத்துத் துடைத்தேன், நீ துடைப்பதுபோல வட்டமாக, மெல்லிய துணியால். முள்ளை வைத்தேன்.

கரகரப்பு. மூச்சு.

அம்மா, அந்த மூச்சு கேட்டதும் அப்பா கண்ணை மூடிக்கொண்டார். ஒரு வருடமாக நம் வீட்டில் நடமாடிக்கொண்டிருந்த அந்த அமைதி எழுந்து வெளியே போனது. கோபப் பாட்டு வந்ததும் அப்பா, "இதுக்கு அவ தலைய ஆட்டுவால்லா?" என்றார். ஆமாம் என்றேன். நீ தலையை ஆட்டுவது அவருக்கும் தெரியும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

பிளேட்டைத் திருப்பினேன். இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டு முடிந்து, கப்பல் கிளம்பியது. வீடுகள் மறைந்தன. மனிதர்கள் மறைந்தார்கள். நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்த இடம் வந்தது. முள் சிக்கியது. 'இன்னும் தெரிகிறார், இன்னும் தெரிகிறார்.'

நான் எழுந்திருக்கவில்லை. எழுந்து முள்ளைத் தூக்கினால் பாட்டு முடிந்துவிடும், பிறகு பிளேட்டு போய்விடும். அப்பாவும் அசையவில்லை. அவர் அந்த வரியைக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அப்போதுதான் அடுப்பங்கரையிலிருந்து கேட்டது. டங், டங், டங்.

அப்பா திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். அங்கே இருப்பது நம் சுவர், நம் கரண்டி, நம் வீட்டுக்குள்ளேயே நிற்கிற அத்தை. சத்தத்தைக் குறைக்க வேண்டுமென்றால் வாயால் சொல்லியிருக்கலாமே. தட்டல் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து அவள் கதவோரம் வந்து நின்றாள். கையில் கரண்டி. தான் செய்தது என்ன என்று அவளுக்கே அப்போதுதான் புரிந்ததுபோல் இருந்தது முகம்.

"முள்ளு சிக்கிட்டுல்லா" என்றாள். "எடுத்து விட மாட்டியளா? ஒரே எடத்துல கெடந்து அழுதே, மனுசியால கேக்க முடியுமா?"

"அத்தை, அதுக்கா தட்டுவீங்க?" என்றேன். "எல்லா நாளும் அதுக்கா?"

"பின்ன எதுக்கு? ஒங்கம்ம பாட்டப் போட்டுட்டுக் கொல்லையில தொவைக்கப் போயிருவா. அங்கன அவளுக்குப் பாட்டு கேக்காது, கரண்டிச் சத்தம்தான் கேக்கும். இங்கன நான்தான கேட்டுக்கிட்டு இருக்கேன். தட்டுனா ஓடியாந்து எடுத்து விடுவா."

"அக்கா," என்றார் அப்பா, "நீ இதையெல்லாம் கேட்டியா?"

"அடுப்பங்கரையில நிக்கவளுக்குக் காத அடைச்சா வச்சிருக்கு? மொத நாளு எந்திரிச்சுப் போனவ, அப்பறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வந்து நல்லாருக்குன்னு சொல்ல?"

பிளேட்டு சொல்லிக்கொண்டே இருந்தது. அத்தை கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டு பிளேயர் பக்கம் போனாள். முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டாள். முள்ளைத் தூக்கவில்லை. ஆள்காட்டி விரலால், தூங்குகிற குழந்தையின் கன்னத்தைத் தொடுவதுபோல, லேசாக ஒரு தள்ளு தள்ளினாள்.

முள் ஒரே ஒரு சுற்று நகர்ந்தது. பாட்டு மேலே போனது. நாம் கேட்டிராத சரணம், அம்மா!

நாம் பாடிப் பார்த்த எந்த மெட்டிலும் அது இல்லை. அவள் அதைப் பாடவே இல்லை, கிட்டத்தட்டப் பேசுகிறாள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் சொல்வதுபோல. செருப்பு என்ற சொல்லுக்குப் பிறகு கிடார் ஒரு நொடி நிற்கிறது. அந்த இடைவெளியில் அவள் மூச்சு விடுகிறாள். முதல் பாட்டில் இழுத்த மூச்சை இங்கேதான் விடுகிறாள் என்று எனக்குத் தோன்றியது. அப்படி நினைத்துத்தான் செய்தார்களோ என்னவோ, எனக்குத் தெரியாது. ஆனால் இனி நான் அப்படித்தான் கேட்பேன்.

"இதான். இந்த எடம்" என்றாள் அத்தை. "செருப்பப் பத்தி ஏதோ பாடுதாளாம்லா."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அத்தை தரையில் உட்கார்ந்தாள். முதல் நாள் முக்காடு போட்டு உட்கார்ந்த அதே இடமாகத்தான் இருக்க வேண்டும்.

"ஆஸ்பத்திரியில இருந்து அவளக் கூட்டியாந்து போட்டிருந்தோமே, அந்த மாசம். நீ பள்ளிக்கூடம் போயிட்ட. இவன் கப்பல விட்டு எறங்கி வந்து சேரல. மத்தியானம் பாட்டுச் சத்தம் கேட்டுச்சு. சரி, எந்திரிச்சுப் போட்டிருக்கான்னு சந்தோசப்பட்டேன். அப்பறம் சிக்கிட்டு. தட்டுனேன். நிக்கல. இன்னொரு தரம் தட்டுனேன். அது பாட்டுக்குச் சொல்லிக்கிட்டே கெடக்கு. எனக்கு ஈரக்கொல நடுங்கிட்டு. அடுப்ப அணைக்கக்கூட இல்ல, ஓடியாந்தேன்."

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"பாத்தா, கட்டில்ல படுத்துக்கிட்டுச் சிரிக்கா. 'போட்டுட்டேன் மைனி, மறுக்க எந்திரிக்க முடியல. நீங்க கொஞ்சம் பாருங்க'ங்கா. எனக்கு அதத் தொடவே பயம். தூக்கத் தெரியாம ஒரு தள்ளு தள்ளுனேன். போயிட்டு. ஒங்கம்ம என் கையப் புடிச்சுக்கிட்டு, 'மைனி, இத நான் கேட்டதே இல்ல மைனி. அவ செருப்பக் கழட்டுதா'ன்னா. எவ கழட்டுதா, எதுக்குக் கழட்டுதா, எனக்கு என்னத்தத் தெரியும்? முடியிற வரைக்கும் கையத்தான் புடிச்சுக்கிட்டு இருந்தேன்."

அப்படியானால் நீ கேட்டுவிட்டாய். எங்களுக்கெல்லாம் முன்னால். ஏன் அம்மா என்னிடம் சொல்லவில்லை? அன்று நான் பள்ளியிலிருந்து வந்தபோது நீ தூங்கிக்கொண்டிருந்தாயோ? அத்தை மானத்தைக் காப்பாற்றத்தான் சொல்லாமல் இருந்தாயோ? எப்படியானாலும், இத்தனை வருடம் கீறலுக்குப் பயந்து நாம் தாண்டிப் போன இடத்தை, ஒன்றும் தெரியாத அத்தையின் விரல் உனக்குத் திறந்து கொடுத்திருக்கிறது. நான் அதை நினைத்து அழுதேன். அது நல்ல அழுகைதான்.

அப்பா அழவில்லை. "என்ன பாடுதான்னு அர்த்தம் சொல்லும்மா" என்று கேட்டார். சொன்னேன். கரையில் கடைசியாகத் தெரிகிற ஆள், அந்த ஆளும் மறைகிறார், அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டி உட்கார்கிறாள். "கரையில நிக்கது இவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியாமப் போச்சேம்மா" என்றார் அப்பா. வாழ்நாள் முழுவதும் கப்பலில் ஏறிப் போனவர் அவர்தானே?

பிறகு அவர் அத்தையைப் பார்த்தார். "அப்ப ஏங்க்கா பிள்ளைட்ட வேண்டாம்னு சொன்ன?"

"ஒரு வருசமா செவரு செத்துக் கெடக்குல" என்றாள் அத்தை. "அவ இல்லாம, அத என் வீட்டுக்குள்ளயே வச்சுக் கேட்டா நான் தாங்குவனா? அதான் வேண்டாம்னேன்."

"சரி, அப்ப நாளைக்குக் குடுத்துருதேன்."

"யாருக்குல குடுக்கப்போற?" அத்தைக்குக் கோபம் வந்தது. உன்னைப் போல இல்லை, அவளுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறும். "மாப்பிள்ளையூரணிக்காரனுக்கு எந்த எடத்துல சிக்கும்னு தெரியுமா? எங்கன தள்ளணும்னு தெரியுமா? என் அடுப்பங்கரையில செவத்தோரமா ஒரு பலகை போட்டுக் குடுத்துட்டுக் கப்பலுக்குப் போ."

எனக்கு எழுந்து அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. கையில் கரண்டி இருந்தது. அதோடேயே கட்டிக்கொண்டேன்.

"ஏளா, விடு. ஆனா ஒன்னு. அந்தச் சிகரெட்டுக்காரி படம் என்னையப் பாத்து இருக்கக் கூடாது. செவத்தப் பாத்துத் திருப்பி வைக்கணும். ஜெபம் சொல்லுத வீடு."

பின்னால் கடைசிப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. எல்லா வாத்தியங்களும் திரும்பி வந்து, ஒவ்வொன்றாக விடைபெற்று, கடைசியில் டிரம்ஸ்காரர் குச்சிகளைக் கீழே வைக்கும் சத்தத்தோடு முடிகிற பாட்டு. அந்தக் குச்சிச் சத்தத்தை வெட்டாமல் விட்டிருக்கிறார்களே என்று நீ எப்போதும் மகிழ்வாய். அன்றும் அது தெளிவாகக் கேட்டது.

அப்பா பலகை அடித்துவிட்டார். நேற்று பிளேயரைக் கொண்டுபோய் வைத்தேன். அத்தை சொன்னபடி அட்டைப்படத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தேன். வைத்த பிறகுதான் கவனித்தேன், நீலப் போர்வைக்காரி இப்போது நம் வீட்டைப் பார்த்து நிற்கிறாள்.

ஆகவே அம்மா, உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். பள்ளிவிட்டு வந்ததும் மாதா பிளேட்டைப் போடுவேன். நம் முன்னறைவரை கேட்கிற அளவுக்குச் சத்தம் வைப்பேன், அத்தை என்ன திட்டினாலும் சரி. கப்பல் கிளம்பி, வீடுகள் மறைந்து, அந்த வரியில் முள் சிக்கும்போது அத்தையும் நானும் உடனே கை நீட்டமாட்டோம். கொஞ்ச நேரம் சிக்கியே கிடக்கட்டும். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து தட்ட வேண்டிய முறை இனி உன்னுடையது.

நீ பாதியில் நிறுத்தாமல் கேட்கக் கற்றுக்கொடுத்த உன் மகள்,
அமலி